வாடிக்கையாளர் இராஜம்மா

கடையில் பொருள் இருக்கிறது, வாங்க வந்தவர் கையில் காசும் இருக்கிறது, ஆனாலும் தர முடியாது என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பும் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தம்புசாமி பார்த்தார். பார்த்ததோடு விட்டிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய வேலையே எனக்கு இருந்திருக்காது.

தம்புசாமி ரயில்வேயில் கார்டு. கோலாலம்பூருக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் நடுவே ஓடும் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடியோடு ஒருவர் நிற்பாரே, அவர்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இரண்டு அறை வீடு. மனைவி இராஜம்மா. பிள்ளை குட்டி இல்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. சம்பளக் கவரைப் பிரிக்காமல் அப்படியே மனைவி கையில் கொடுத்துவிடுவார். ஓவர்டைம் காசு மட்டும் அவருடையது. குவாட்டர்ஸ் பெண்கள் புருஷன்மாரைத் திட்டும்போது, "அந்தத் தம்புசாமி அண்ணனைப் பார்த்தாவது புத்தி வரட்டும்" என்பார்கள். அப்படிப்பட்ட நல்ல மனிதரைத்தான் அந்தச் சனியன் தேடி வந்து பிடித்தது.

எண்பத்தைந்தாம் வருஷம், கிள்ளானில் ஒரு கல்யாணம். அங்கே காசிவிஸ்வநாதனைப் பார்த்தார். இருவரும் கிள்ளானில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். காசி செட்டியார் வீட்டுப் பிள்ளை. அப்பா காலத்து வியாபாரம் போய் இப்போது நாலைந்து கடைவீடுகளுக்குச் சொந்தக்காரர். பேசிக்கொண்டிருக்கும்போதே தம்புசாமியின் கண் காசியின் மணிக்கட்டில் போய் நின்றுவிட்டது. எஃகுச் சங்கிலி, நீல முகம், கொழுத்த மூன்று முள். கடிகாரத்தைப் பார்த்தே முப்பது வருஷம் சோறு தின்ற மனிதருக்கு நல்ல கடிகாரம் எதுவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எங்க வாங்குன காசி? நானும் ஒண்ணு வாங்கிடலாம்னு பார்க்குறேன். ஓவர்டைம் காசு கொஞ்சம் சேர்ந்து கெடக்கு" என்றார்.

காசி அவர் தோளைத் தட்டிச் சிரித்தார். "காசு ஒரு பிரச்சினையா லா தம்பு? புக்கிட் பிந்தாங்குல இருக்கிற கடைதான். நீ போயிக் கேட்டா கடைக்காரன் குடுக்க மாட்டான். அவன் ஆள் பார்த்துத்தான் குடுப்பான்."

காசி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய் உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டார். ஆனால் தம்புசாமிக்கு இலையில் விழுந்தது எதுவும் இறங்கவில்லை. பக்கத்தில் நின்று இராஜம்மாவும் அதைக் கேட்டுவிட்டாளே, அதுதான் அவரை அறுத்தது. ஆள் பார்த்துத்தான் குடுப்பான். அப்படியானால் நான் ஆள் இல்லையா?

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போட்ட அதே சட்டையோடு புக்கிட் பிந்தாங்கிலிருந்த அந்தக் கடைக்குக் கிளம்பினார். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா கதவைத் திறந்துவிட, உள்ளே ஏர்கோன் குளிர் முகத்தில் அடித்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அதே நீல முகக் கடிகாரம் இருந்தது. கழுத்துப் பட்டியோடு ஒரு பையன் வந்தான். தமிழ்ப் பையன், முப்பது வயசு இருக்கும், பெயர் வாசு.

"சார், இது விக்கிறதுக்கு இல்ல. பார்வைக்கு மட்டும்."

"அப்ப உள்ளருந்து புதுசா ஒண்ணு எடுத்துக் குடு தம்பி. காசு கையோட கொண்டாந்திருக்கேன்."

"வருசத்துக்கு மூணு நாலுதான் சார் வருது. எங்க பழைய கஸ்டமர்ஸுக்கே பத்தல. இதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஏதாச்சும் வாங்கியிருக்கீங்களா?"

"இல்லையே. இதைத்தான் மொதல்ல வாங்க வந்திருக்கேன்."

வாசு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. இங்க ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு அட்டை இருக்கு. எப்பெப்ப என்னென்ன வாங்குனாங்கன்னு அதுல எழுதுவோம். இந்த மாடல் வரும்போது மொதலாளி அட்டையத்தான் எடுத்துப் பார்ப்பாரு. அட்டை நிறைஞ்சவங்களுக்குத்தான் குடுப்பாரு. சின்னதா ஏதாச்சும் வாங்கி ஆரம்பிங்க. ரெண்டு மூணு வருசத்துல வந்துரும்."

அந்த வருஷம் ஊரெங்கும் வியாபாரம் படுத்துக் கிடந்தது. மேஜைக் கடிகாரமும் சுவர்க் கடிகாரமும் வாங்க ஆளில்லாமல் கடையில் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் வேண்டாத சரக்கைத் தலையில் கட்ட, எல்லோருக்கும் வேண்டிய சரக்கைக் காட்டி ஆசை மூட்டினார்கள். விஷயம் அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் தம்புசாமிக்கு வந்திருந்தது கோபமும் ரோஷமும். அவை இரண்டும் வந்த இடத்தில் புத்தி எங்கே நிற்கும்?

"சரி, அந்த மேஜைக் கடிகாரத்தைக் கட்டு" என்றார்.

"அட்டைய எந்தப் பேர்ல போடலாம்ணே?"

"இராஜம்மா. என் வீட்டுக்காரி."

தம்புசாமி தன் பெயரில் எதையும் வாங்கமாட்டார். அதற்கு ஒரு காரணம் உண்டு. வாலிபத்தில் தன் பெயரில் வாங்கிய சைக்கிள் பதினோராம் நாள் கிள்ளான் பாசாரில் திருடு போனது. அடுத்து வாங்கிய ரேடியோ இடியில் கருகியது. காப்பாரில் ஒரு ஜோசியர் கையைப் பார்த்துவிட்டு, "உன் பேருல எதுவும் நெலைக்காது தம்பி. பொண்டாட்டி வந்தா அவ பேருல வாங்கு" என்று சொல்லிவிட்டார். கல்யாணமானதும் தையல் மெஷின், ரேடியோ லைசன்ஸ், தபால் ஆபீஸ் புத்தகம் எல்லாம் இராஜம்மா பெயருக்குப் போயின. ஒன்றும் திருடு போகவில்லை, ஒன்றும் கருகவில்லை. அவள் பெயர் ராசியான பெயர் என்பது அவருக்குச் சாமி வாக்கு மாதிரி ஆகிவிட்டது. சாதாரணத் தையல் மெஷினுக்கே அப்படியென்றால், உயிரைக் கொடுத்து வாங்கப்போகும் கடிகாரத்தை வேறு யார் பெயரில் எழுதுவார்?

வாசுவுக்கு யார் பெயரானால் என்ன? 'மேடம் இராஜம்மா' என்று அழகாக எழுதி, அட்டையைப் பெட்டியில் செருகிவிட்டான்.

அதற்குப் பிறகு ஓவர்டைம் போகும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் காசும் அந்தக் கடைக்கே போய்ச் சேர்ந்தது. ஒரு சுவர்க் கடிகாரம். பிறகு மணியடிக்கும் இன்னொரு சுவர்க் கடிகாரம். ஒரு பேனா, அதை மூடி கழற்றிக்கூட எழுதியதில்லை. முழுக்கைச் சட்டைக்குப் போடும் பொத்தான் ஒரு ஜோடி. தம்புசாமியிடம் இருந்ததெல்லாம் ரயில்வே கொடுத்த அரைக்கைச் சட்டைகள். தங்க முலாம் பூசிய பெண்கள் கைக்கடிகாரம் ஒன்றும் வாங்கினார். வாசு, "இது ஒண்ணு வாங்கிட்டா அட்டை நல்லா வெயிட்டாயிரும்ணே" என்றான்.

அதை இராஜம்மாவிடம் கொடுத்தபோது அவள் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. "எனக்கா?" என்றாள்.

"உனக்குத்தான். இது இருந்தாத்தான் அது சீக்கிரம் வருமாம்."

"ஓ" என்றாள் இராஜம்மா. கண்ணாடித் தாளைப் பிரிக்காமல் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினாள். மாவு பிசைகிற கைக்கும் துணி துவைக்கிற கைக்கும் அது எதற்கு?

அவள் வாய் திறந்து குறை சொல்கிறவள் இல்லை. கிண்டல் செய்வாள், அவ்வளவுதான். "நம்ம வீடு ஸ்டேஷனா ஆயிருச்சுங்க. ரயில் ஒண்ணுதான் உள்ள வரல" என்பாள். அவரும் சிரிப்பார். இன்னொரு நாள் மத்தியானம், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, "நெஞ்சுல அடிக்கிறது எது, செவுத்துல அடிக்கிறது எதுன்னு தெரிய மாட்டேங்குதுங்க" என்றாள். அதையும் கிண்டல் என்று நினைத்துத்தான் தம்புசாமி சிரித்தார். அட கடவுளே, அன்றைக்காவது அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்திருக்கக் கூடாதா!

இராஜம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. பாசாரிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். சாயங்காலமானால் கால் வீங்கும். "வாயுவா இருக்கும், ஓமத்தண்ணி குடி" என்பார் தம்புசாமி. குடிப்பாள். செமினியில் இருக்கும் தங்கை வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரலாமா என்று ஒருமுறை கேட்டாள். "போலாம், போலாம். இந்த ஞாயிறு ஓவர்டைம் இருக்கு, அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

மூன்று மாசத்துக்கு ஒருதரம் கடைக்குப் போய்க் கேட்பார். "அடுத்த லோட்டுல பார்ப்போம்ணே" என்பான் வாசு. ஒருநாள் இவர் கண் முன்னாலேயே டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதரின் மகன், மீசைகூடச் சரியாக முளைக்காத பயல், அதைக் கட்டிக்கொண்டு விசிலடித்தபடி வெளியே போனான். அன்றைக்கு மினி பஸ்ஸில் ஏறாமல் பிரிக்ஃபீல்ட்ஸ்வரை நடந்தே வந்தார் தம்புசாமி. விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் இத்தனை வாங்கிவிட்டோமே, இப்போது விட்டால் வாங்கியதெல்லாம் வீணாகிவிடுமே என்று மனசு இழுத்தது. இப்படித்தான் அந்த மாதிரிக் கடைகள் ஆளைக் கட்டிப் போடுகின்றன.

தொண்ணூறாம் வருஷம் மார்ச் மாசம் ஓர் அழைப்பிதழ் வந்தது. தங்க எழுத்து. 'மேடம் இராஜம்மாவும் கணவரும்' புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் தேநீர் விருந்துக்கு வரவேண்டுமாம். முக்கியமான வாடிக்கையாளர்களை மட்டும் முதலாளி நேரில் பார்க்கிறாராம்.

அதே புதன்கிழமை இராஜம்மாவுக்கு ஆஸ்பத்திரித் தேதி. கிளினிக் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். தம்புசாமியும் கூட வருவதாகத்தான் பேச்சு, லீவுகூடப் போட்டுவிட்டார்.

அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நெளிந்ததைப் பார்த்து இராஜம்மாவே சொன்னாள்: "நீங்க அங்க போயிட்டு வாங்க. நான் மினி பஸ்ஸுல போயிக்கிறேன். துணைக்கு வீரம்மாவக் கூப்பிட்டுக்குறேன்." வீரம்மா பக்கத்து வீட்டுக்காரி.

"தனியா போயிடுவியா?"

"என்ன காசி யாத்திரைக்கா போறேன்? போங்க, போயி மொகத்தக் காட்டிட்டு வாங்க."

அவர் போனார். அங்கே வெள்ளை மேஜைவிரிப்பு, குட்டிக் குட்டி ரொட்டி, கைகூப்பி வரவேற்கும் முதலாளி. "மேடம் வரலையா?" என்று நாலு பேர் விசாரித்தார்கள். "கொஞ்சம் உடம்பு சரியில்ல" என்றார். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "டேய் தம்பு! நீயும் உள்ள வந்துட்டியா லா!" காசிவிஸ்வநாதன். கண்ணில் நிஜமான ஆச்சரியம். ஐந்து வருஷமாகத் தம்புசாமி கேட்கக் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான். அவருக்குத் தலைகால் புரியவில்லை. கிளம்பும்போது மேடத்துக்கென்று ஒரு கேக் பெட்டியை வாசு கையில் கொடுத்து, "அடுத்து வர்றதுல ஒண்ணு அக்கா பேருக்குத்தாண்ணே" என்று காதைக் கடித்தான்.

வீட்டுக்கு வந்தபோது இராஜம்மா அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னான்?"

"மாத்திரை குடுத்திருக்காங்க."

"அவ்ளோதானா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தது. "அவ்ளோதான்" என்றாள். "நீங்க சொல்லுங்க. போன காரியம் என்னாச்சு?"

அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். காசி வாயைப் பிளந்ததை நடித்துக் காட்டினார். இராஜம்மா கேக்கில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாருக்கு. காசியண்ணன் சொன்னத இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள். அவர் இன்னொரு தடவை சொன்னார்.

அதற்கப்புறம் பதினோரு மாசம். தொண்ணூற்றொன்றாம் வருஷம் பிப்ரவரி மாசம் ஒரு காலைப்பொழுது. கிள்ளான் ஸ்டேஷனில் அவர் ரயில் எதிர் ரயிலுக்கு வழிவிட்டு நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் மூச்சிரைக்க ஓடிவந்து, "தம்பு, வீட்லருந்து போன். ஒடனே கெளம்பு" என்றார். எதற்கென்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

துணி காயப்போடப் போன இராஜம்மா குழாயடியில் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. வீரம்மா ஓடிப்போய்த் தூக்கும்போதே எல்லாம் முடிந்திருந்தது. தம்புசாமி வந்து சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். அத்தனை அழுகைச் சத்தத்துக்கு நடுவிலும் சுவரில் மணியடித்தது. யாரோ எழுந்துபோய் அதை நிறுத்தினார்கள்.

மறுநாள் சாவைப் பதிவு செய்ய அவளுடைய ஐசி வேண்டும் என்றார்கள். அடையாள அட்டையை எங்கே வைப்பாள் என்று அவருக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவருக்குத் தெரியவில்லை! வீரம்மாதான் பிஸ்கட் டின்னை எடுத்துக் கொடுத்தாள். அதற்குள் ஐசி இருந்தது. அதன் அடியில் ஆஸ்பத்திரி அட்டை ஒன்றும் இருந்தது.

மூன்று தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே டாக்டரின் கையெழுத்தில் ஒரே வாசகம். 'வால்வு ஆப்பரேஷன் பற்றிப் பேச வேண்டும். அடுத்த முறை கணவரை அழைத்து வரவும்.' மூன்றாவது தேதியில் அதற்கடியில் கோடு போட்டிருந்தது.

"இது என்ன வீரம்மா?"

வீரம்மா அழுகையும் ஆத்திரமுமாகக் கொட்டித் தீர்த்தாள். "நான் எத்தன தடவ சொன்னேன் அண்ணே! அண்ணன்கிட்ட சொல்லுக்கா, சொல்லுக்கான்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டாங்களா? 'அவரு மனசு இப்ப அந்தக் கடையில கெடக்குடி. அந்த வாட்ச் மட்டும் கையில வந்துட்டா மனுசன் நம்ம பக்கம் திரும்பிடுவாரு. அப்ப சொல்லிக்கிறேன். இப்ப சொன்னா அந்தக் காச எடுத்து எனக்குச் செலவு பண்ணிட்டு, அப்புறம் காலம்பூரா அதையே நெனச்சிக்கிட்டிருப்பாரு'ன்னாங்க."

தம்புசாமி டின்னை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். யார் யாரோ வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். ஐசியைப் பதிவு ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு வந்து, ஆஸ்பத்திரி அட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எல்லாக் கடிகாரங்களையும் பழைய புடவைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். வேலைக்குப் போனார், வந்தார். சாப்பிட்டாரா என்று வீரம்மா கேட்டால் தலையை ஆட்டுவார். ஓவர்டைம் என்று யார் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்றுவிட்டார்.

ஜூன் மாசம் கடிதம் வந்தது. 'அன்புள்ள மேடம் இராஜம்மா' என்று ஆரம்பித்தது. 'தங்களுடைய நீண்டநாள் ஆதரவுக்கு நன்றி. தாங்கள் விரும்பிய மாடல் தங்களுக்காக ஒதுக்கப்பட்டுள்ளது. ஏழு நாளுக்குள் ஐசியோடு நேரில் வந்து கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளவும்.'

கிழித்துப் போட்டிருக்க வேண்டும். நாமாயிருந்தால் கிழித்திருப்போம் என்று சொல்வது சுலபம். தம்புசாமி அதை நாலு நாள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் கிளம்பினார். ஆசை செத்துப்போய் மாசக்கணக்காகிவிட்டது. ஆனால் அதை வாங்காமல் விட்டால் அவள் எதற்காக வாய் திறக்காமல் இருந்தாள் என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் போய்விடும் என்று அவர் மூளை சொன்னது. துக்கத்தில் இருக்கிறவன் மூளை அப்படி எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கும்.

கடையில் வாசு ஓடிவந்து கையைப் பிடித்தான். "வாங்கண்ணே, வாங்க! எத்தன வருசம்! கடைசியில வந்துருச்சு பார்த்தீங்களா? அக்கா எங்க, வெளிய நிக்கிறாங்களா? உள்ள கூப்பிடுங்க, ஏர்கோன்ல உக்காரட்டும்."

"அவ வரல தம்பி."

"சரி, அப்ப அக்காவோட ஐசியாச்சும் குடுங்க. நான் ஏதாச்சும் பண்றேன்."

"ஐசிய ஆபீஸ்ல குடுத்துட்டேன். பிப்ரவரியில தவறிட்டா."

வாசுவின் சிரிப்பு அணைந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே முதலாளியின் அறைக்குப் போனான். கண்ணாடிக் கதவு வழியே அவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதும், முதலாளி தலையை ஆட்டி மறுப்பதும் தெரிந்தன. நல்ல பையன்தான், போராடிப் பார்த்தான்.

வெளியே வந்தவன் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. ஹிஸ்டரி பூரா அக்கா பேர்லதான் இருக்கு. ஆள் இல்லாத அட்டைக்குக் குடுக்க மாட்டேங்குறாரு. அடுத்த அட்டைக்குப் போயிருமாம். உங்க பேர்ல எங்ககிட்ட ஒண்ணுமே இல்லண்ணே. நீங்க புது கஸ்டமர் மாதிரி. உங்க பேர்ல புதுசா ஒரு அட்டை போட்டு, மறுபடி சின்னதா ஒரு..."

தம்புசாமிக்குக் கோபம் வரவில்லை. "அந்த அட்டைய நான் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்களே வச்சுக்குங்கண்ணே. இனிமே இங்க அதுக்கு வேலையில்ல."

மங்கலான மஞ்சள் அட்டை. மேலே அவள் பெயர். கீழே ஆறு வருஷத்துச் சாமான்கள், தேதி வாரியாக. அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் கடைக்காரர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ள இங்கிலீஷில் நாலு வரி எழுதியிருந்தது. 'நல்ல வாடிக்கையாளர். தனக்கென்று எதையும் வற்புறுத்திக் கேட்கமாட்டார். குறை சொல்லமாட்டார். எத்தனை வருஷமானாலும் காத்திருப்பார்.'

தம்புசாமி அதை இரண்டு தடவை படித்தார்.

"யாரு எழுதுனது தம்பி?"

"நான்தாண்ணே. மொதலாளிகிட்ட காட்டும்போது ஒரு சிபாரிசா இருக்கட்டும்னு எழுதுனேன். உங்களப் பார்த்துத்தான் எழுதுனது. அக்காவ நான் ஒருநாளும் பார்த்ததில்லையே."

"பார்க்காமலே சரியா எழுதிட்டியேப்பா" என்றார் தம்புசாமி. "இருபத்தாறு வருசம் பக்கத்துலயே இருந்து நான் அவளப் பார்க்கலையே."

கடைக்குள் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் வாய்விட்டு அழுதார்.